வளைகாப்பு மண்டபத்தில் பாம்பு

கன்னியப்பனுக்குப் பாம்பென்றால் பயம். கொஞ்சநஞ்ச பயமல்ல, ரோட்டோரம் தண்ணீர்க் குழாய் நெளிந்து கிடந்தால்கூட லோடு வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துப் பார்ப்பான், நகர்கிறதா என்று. இந்தப் பயம் எத்தனையோ பேருக்கு உண்டு, யாரும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை. ஆனால் கன்னியப்பன் இருளர் வீட்டுப் பிள்ளை. இருளர் என்றால் பாம்பு பிடிப்பார்கள் என்று காஞ்சிபுரம் முழுக்க முடிவு செய்து வைத்திருந்தது. வாடகைக்குச் சுமை கிடைக்கட்டும் என்று வண்டியின் பின்னால் அவன் எழுதிவைத்த கைபேசி எண்ணுக்கு, சுமையைவிடப் பாம்புக்காக வந்த அழைப்புகள்தான் அதிகம்.

"எங்க வீட்டு பாத்ரூம்ல பூந்துக்கிச்சுப்பா, சீக்கிரம் வா!"

"நான் திண்டிவனத்துல இருக்கறேன் சார்" என்பான் கன்னியப்பன், அந்த வீட்டுக்கு எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டே.

இந்த ரகசியம் அவன் மனைவி சங்கரிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில் கூரையிலிருந்து விழுந்த பல்லியின் வாலைப் பார்த்து அவன் அவள் தோளில் ஏறியபோது தெரிந்துகொண்டாள். அன்று சிரிக்க ஆரம்பித்தவள் மறுநாள் காலைவரை விட்டுவிட்டுச் சிரித்தாள். சங்கரியின் சிரிப்பு அப்படி. வந்துவிட்டால் அடக்க முடியாது. கண்ணீர் வரும், மூச்சு முட்டும், பக்கத்தில் இருப்பவர்களைப் பிடித்துக்கொள்வாள். வாலாஜாபாத்தில் அவள் வேலை செய்த அரிசி ஆலைக் களத்தில் யாரும் அவளுக்கு ஜோக் சொல்லக் கூடாது என்று மேஸ்திரி உத்தரவே போட்டிருந்தார். நெல் காய்வதற்கு முன் மழை வந்துவிடுமாம்.

இப்போது அவள் நிறைமாத கர்ப்பிணி. சிரிப்போடு பசியும் சேர்ந்துகொண்டது. பாலாற்றங்கரையில் இருந்த அவர்களுடைய குடியிருப்பில் எந்த வீட்டில் குழம்பு கொதித்தாலும் சங்கரி ஒரு கிண்ணத்தோடு அங்கே நிற்பாள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு உயிருக்குச் சாப்பிடுகிறாள் என்று இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள்.

பிரச்சினை பிரசவத்தில்தான் இருந்தது. மாமியார் கிருஷ்ணம்மாள் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றாள்.

அந்தப் பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியர் சுகாசினி. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். ஸ்கூட்டரில் வாரம் தவறாமல் வந்து, சங்கரியின் கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்து, அது விழுங்கப்படுகிறதா என்று எதிரிலேயே நின்று பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் போகும்போது கிருஷ்ணம்மாளிடம் கெஞ்சுவாள்.

"இன்னாத்துக்குமா ஆஸ்பத்திரி? நான் அஞ்சு புள்ள பெத்தேன். அஞ்சும் இந்தக் குடிசைக்குள்ளதான். கடைசி புள்ள பொறந்த அன்னிக்கி சாய்ந்தரம் நானே மீனு கழுவுனேன்."

"நீங்க கெட்டி, ஆயா. இவளுக்கு ரத்தம் கம்மியா இருக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த ஊர்ல ராத்திரில வண்டி கெடைக்குமா?"

"என் புள்ள வண்டி வச்சிருக்கறான்."

"அதுல நேத்து வரைக்கும் உரமூட்ட ஏத்துனாங்க."

"கழுவிக்கலாம்."

கிருஷ்ணம்மாளின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன்னால் காய்ச்சலோடு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனவளை, அங்கிருந்த ஒருத்தர் "தள்ளி நில்லு, மேல படாத" என்று சொல்லி வராந்தாவிலேயே பொழுது சாயும்வரை உட்கார வைத்துவிட்டார். காய்ச்சல் தானாகப் போய்விட்டது. அந்த வார்த்தை போகவில்லை. இதை அவள் சுகாசினியிடம் சொல்லவில்லை. சங்கரிதான் மாத்திரை விழுங்கும் ஒரு நாளில் சொன்னாள். சுகாசினி அதன்பிறகு கிருஷ்ணம்மாளிடம் வாதாடுவதைக் குறைத்துக்கொண்டாள். வேறு வழி யோசித்தாள்.

கர்ப்பிணிகளுக்கு அரசு சார்பில் நடத்தும் சமுதாய வளைகாப்பு அந்த மாதம் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. மாமியாரும் மருமகளும் அங்கே வந்து, மற்ற பெண்கள் ஆஸ்பத்திரி பற்றிப் பேசுவதைக் கேட்டால் மனது இளகும் என்பது சுகாசினியின் கணக்கு.

"அஞ்சு வகை சோறு போடுவாங்க சங்கரி. புளியோதரை, எலுமிச்ச சாதம், தேங்கா சாதம், தயிர் சாதம், சக்கரப் பொங்கல்."

"எத்தினி மணிக்கி?" என்றாள் சங்கரி. வளையலைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

கிருஷ்ணம்மாளும் வந்தாள். கூட்டத்தில் மருமகளை யாராவது ஏதாவது சொல்லிவிட்டால் பதிலுக்குச் சொல்ல ஆள் வேண்டுமல்லவா.

*

மண்டபத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு, கர்ப்பிணிகளை மாலையும் சந்தனமுமாக உட்கார வைத்திருந்தார்கள். மேடைக்குக் கீழே ஒரு மேசையில் கண்ணாடி வளையல்கள் குவிந்து கிடந்தன. ஓரமாகப் புருஷன்மார்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு கன்னியப்பனும் நின்றான். எல்லாம் தயார். சிறப்பு விருந்தினர்தான் வரவில்லை.

சிறப்பு விருந்தினர் கவுன்சிலர் ரேணுகாம்பாள். காலையில் வரவேண்டியவர் வெயில் உச்சிக்கு ஏறியும் வரவில்லை. அவர் வந்து முதல் வளையலைப் போடாமல் சாப்பாட்டு அண்டாவைத் திறக்கக் கூடாது என்று மண்டப மேலாளர் சிவராஜ் சொல்லிவிட்டார். சிவராஜ் விறைப்பான மனிதர். வேட்டியும் விறைப்பாக இருந்தது.

"நர்சம்மா, வாசன வருது" என்றாள் சங்கரி.

"கொஞ்சம் பொறு."

"நான் பொறுத்துக்குவேன். உள்ள இருக்கறது ஒதைக்குது."

கடைசியில் கவுன்சிலர் வந்து இறங்கினார். பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை, இடுப்பைத் தாண்டித் தொங்கும் கறுகறுவென்ற பின்னல், அதில் மல்லிகைச் சரம். வந்தவர் நேரே மேடைக்குப் போகாமல், "ஏற்பாடெல்லாம் சரியா இருக்குதான்னு நானே பாக்கறேன்" என்று சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் தனியாகப் போனார். அங்கேதான் அண்டாக்கள் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டே வந்து மேடை ஏறினார். மைக்கைப் பிடித்தவர் கூந்தலைச் சரிசெய்யக் கையைப் பின்னால் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது. முகம் ஒரு மாதிரி ஆனது. மெல்ல முந்தானையை எடுத்துத் தலையைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்திக்கொண்டார்.

"தாய்மார்களே..." என்று ஆரம்பித்தார்.

அப்போது சமையற்கட்டிலிருந்து மஹாலட்சுமி ஓடிவந்தாள். பரிமாற வந்த பெண். கையில் கரண்டி, முகத்தில் ரத்தமில்லை.

"பாம்பு! சாமான் ரூம்ல! புளியோதரை அண்டா பக்கத்துல! கறுப்பா, இவ்ளோ நீளம்!"

அடுத்து நடந்ததை ஒழுங்காகச் சொல்வது கடினம். புருஷன்மார்களில் பாதிப் பேர் வாசலுக்கு வெளியே இருந்தார்கள். எப்படிப் போனார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. கர்ப்பிணிகள் நாற்காலிமேல் ஏறப் பார்த்தார்கள். சுகாசினி ஒவ்வொருத்தியாகப் பிடித்துப் பிடித்து உட்கார வைத்தாள்.

"யாரும் ஏறாதீங்கமா! பாம்பு கடிச்சா ஊசி இருக்குது, நீங்க விழுந்தா நான் இன்னா பண்ணுவேன்!"

சிவராஜ் மட்டும் நிதானமாக இருந்தார். அவர் ஒரு நாற்காலிமேல் நின்றபடி நிதானமாக இருந்தார். அங்கிருந்து பார்க்கும்போது கன்னியப்பன் கண்ணில் பட்டான்.

"ஏம்பா, நீ வாலாஜாபாத் பக்கத்து இருளர்தானே?"

மண்டபம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. கவுன்சிலர் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "யாரும் பயப்பட வேணாம். நம்ம இருளர் தம்பி இருக்காரு. எல்லாரும் கைதட்டுங்க."

கைதட்டினார்கள். கன்னியப்பன் ஓர் அடி பின்னால் போனான்.

"அது வந்துங்க... பொஞ்சாதி முழுகாம இருக்கசொல்லோ புருஷன் பாம்ப தொடக் கூடாதுங்க. சாமி குத்தம்."

நல்ல காரணம்தான். சில பெண்கள் ஆமாம் என்று தலையாட்டவும் செய்தார்கள். ஆனால் அவனைப் பெற்றவளே அதைக் கெடுத்தாள்.

"எவன்டா சொன்னது?" என்றாள் கிருஷ்ணம்மாள் பெருமை தாங்காமல். "நீ என் வயித்துல இருக்கசொல்லோ உங்கப்பன் தெனம் புடிச்சாரு. போடா, போய் புட்சிக்கினு வா. எம்புள்ள டவுன்ல எத்தினி வீட்ல புட்சிருக்கறான் தெரியுமா?"

யாரோ ஒரு துடைப்பக் கட்டையை அவன் கையில் திணித்தார்கள். இன்னும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். சாமான் அறைக் கதவு திறந்தது, கன்னியப்பன் உள்ளே போனான், கதவு மூடியது.

உள்ளே ஓர் அலறல் கேட்டது. பிறகு பாத்திரம் உருளும் சத்தம். கதவு திறந்து கன்னியப்பன் வெளியே வந்த வேகத்தில் மேசைமேல் ஏறிவிட்டான். காலடியில் கண்ணாடி வளையல்கள் நொறுநொறுவென்று உடைந்தன.

"எனக்கு பாம்புன்னா பயம்!" என்று கத்தினான். "சின்ன வயசுலேர்ந்தே பயம்! போன் பண்ணாதீங்கன்னா யாராச்சும் கேக்கறீங்களா!"

கவுன்சிலரின் மைக் பக்கத்திலேயே இருந்ததால் இது தெருவரைக்கும் கேட்டது.

கிருஷ்ணம்மாள் வாயைப் பிளந்தபடி மகனைப் பார்த்தாள். கூட்டத்தில் கிசுகிசு எழுந்தது. சிவராஜ் நாற்காலிமேல் நின்றபடியே சிரித்தார்.

"இருளரா பொறந்துட்டு பாம்புக்கு பயமா? இது எங்கியாச்சும் உண்டா?"

அதுவரை பசியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த சங்கரி எழுந்தாள்.

"அண்ணே, உங்க வீட்ல தறி இருக்குதா?"

"நாலு தலமுறையா நெசவு."

"அப்புறம் இன்னாத்துக்குண்ணே பாலிஸ்டர் வேட்டி கட்டிக்கினு இருக்கற?"

முதலில் சிரித்தது சுகாசினிதான். நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு வேட்டியைப் பார்த்தாலே தெரியாதா. அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சிவராஜ் நாற்காலியிலிருந்து இறங்கினார்.

"எம்புருஷன் பயந்தா பயந்துட்டுப் போறாரு" என்றாள் சங்கரி. "எனக்கு பசிக்குது. பாம்பு ஒரு பக்கம் இருக்குது, சோறு ஒரு பக்கம் இருக்குது. நான் சோத்துப் பக்கமா போறேன்."

"சங்கரி, நில்லு!" சுகாசினி ஓடினாள். அதற்குள் அவள் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்விட்டாள். கைபேசி விளக்கைப் போட்டாள். சுகாசினி வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "எட்டிப் பாக்காத, எட்டிப் பாக்காத" என்று தானே எட்டிப் பார்த்தாள்.

உள்ளே சத்தமே இல்லை. பிறகு கரண்டி சத்தம் கேட்டது. சர்க்கரைப் பொங்கல் எடுக்கிறாள்.

சங்கரி வெளியே வந்தபோது இடது கையில் தட்டு. வலது கையில், கறுப்பாக, நீளமாக, நுனி ஆட ஆட அது தொங்கியது. மண்டபம் அலறியது. மேசைமேல் இருந்த கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"யார்துமா இந்த சவுரி?" என்று கேட்டாள் சங்கரி. "ஆணில மாட்டிக்கினு அறுந்து வுழுந்துக்குது. பூகூட வாடல."

வாசலுக்கு வெளியே போயிருந்த புருஷன்மார்கள் ஒவ்வொருவராக, ஏதோ காற்று வாங்கப் போனவர்கள்போல உள்ளே வந்தார்கள். மேடையில் ரேணுகாம்பாள் முந்தானையை இன்னும் இறுக்கினார். கிருஷ்ணம்மாள் கிட்டப் போய் முடியைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல முடிமா. ஒஸ்தி சரக்கு. பாவம், எந்தப் பொம்பள தேடிக்கினு இருக்கறாளோ."

ரேணுகாம்பாள் தொண்டையைக் கனைத்தார். "பொது இடத்தில் கண்டெடுக்கப்பட்ட பொருள்" என்றார் ஒலிபெருக்கியில், மேடைத் தமிழில். "உரியவரிடம் ஒப்படைக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்."

வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நீட்டிய கைதான் முந்தானையைப் பிடித்திருந்த கை. முந்தானை சரிந்தது. பின்னால், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு சின்னக் கொண்டை.

மண்டபம் மரியாதைக்காகச் சிரிக்காமல் இருந்தது. சங்கரியும் முயன்றாள். உதட்டைக் கடித்தாள், மேலே மின்விசிறியைப் பார்த்தாள், தட்டிலிருந்த பொங்கலைப் பார்த்தாள். முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, அதைப் பார்த்து மற்ற கர்ப்பிணிகள் சிரித்தார்கள், மஹாலட்சுமி சிரித்தாள், கடைசியில் மானத்தைக் காற்றில் விட்டு ரேணுகாம்பாளே சிரித்தார். சங்கரி மாமியாரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"நர்சம்மா. யாரோ தண்ணி கொட்டிட்டாங்க."

சுகாசினி தரையைப் பார்த்தாள். சங்கரியின் புடவையைப் பார்த்தாள்.

"யாரும் கொட்டல. பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு. உக்காரு."

*

கிருஷ்ணம்மாள் முதலில், "வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். சுகாசினி வாயைத் திறப்பதற்குள் சங்கரி பேசினாள்.

"அத்தே, ஊட்டுக்குப் போறதுக்குள்ள பஸ்ஸ்டாண்டுலயே பொறந்துடும். நான் ஆஸ்பத்திரிக்கித்தான் போறேன். ஆனா நீ எங்கூட வரணும். எவனாச்சும் உன்ன தள்ளி நில்லுன்னு சொல்லட்டும், பிரசவ வலில கத்தறதுக்கு மேல நான் கத்தறேன்."

கிருஷ்ணம்மாள் மருமகளின் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலில் மாட்டினாள்.

ஆம்புலன்சுக்குச் சுகாசினி அழைத்தாள். கோயில் உற்சவக் கூட்டத்தில் மாட்டியிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். கன்னியப்பன் வண்டிச் சாவியை எடுத்தான். "உரமூட்ட வண்டி" என்று சுகாசினி ஒரே பார்வையில் மறுத்தாள். அப்போது ரேணுகாம்பாள் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"என் கார்ல ஏத்துமா. நான் முன்னாடி உக்காந்து வழி உடச் சொல்றேன். கத்தறதுதானே எனக்கு வேல."

காரின் பின்னிருக்கையில் நடுவில் சங்கரி, இந்தப் பக்கம் கிருஷ்ணம்மாள், அந்தப் பக்கம் சுகாசினி. முன்னால் ரேணுகாம்பாள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கையில் இருந்ததை ஆட்டி ஆட்டி, "ஒதுங்குப்பா! புள்ளத்தாச்சி! ஒதுங்குப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தார். கையில் இருந்தது சவுரி என்பதை அவர் மறந்திருந்தார். கவுன்சிலரம்மா பாம்பைத் தூக்கி வீசப்போகிறார் என்று பயந்து காஞ்சிபுரம் வழிவிட்டது. இரண்டு வலிக்கு நடுவில் சங்கரி கெஞ்சினாள்: "அக்கா, உள்ள வாங்கக்கா. மறுபடியும் சிரிப்பு வருது, தாங்காது."

ஆஸ்பத்திரி வாசலில் கிருஷ்ணம்மாளின் கால் நின்றுவிட்டது. சங்கரியைத் தள்ளுநாற்காலியில் உள்ளே கொண்டுபோனார்கள். மாமியார் மட்டும் வேப்பமரத்தடியில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். பிரசவ அறையிலிருந்து இளவரசி என்கிற நர்ஸ் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"சங்கரிகூட வந்தது யாரு? நீங்களாமா? வாங்க, கூட ஒருத்தர் இருக்கலாம். கை கழுவிட்டு வந்து அவ கைய புடிச்சுக்கங்க. ஓயாம உங்களத்தான் கேக்கறா."

கிருஷ்ணம்மாள் கைகழுவினாள். முழங்கைவரை கழுவினாள். உள்ளே போனாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. மருமகளின் இடுப்பை நீவிவிட்டாள். பக்கத்துக் கட்டிலில் முதல் பிரசவத்துக்குப் பயந்து அழுத பெண்ணுக்கு, தான் மீன் கழுவிய கதையைச் சொன்னாள். அந்தப் பெண் அழுகையை நிறுத்தி, "என்ன மீனு?" என்று கேட்டாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சங்கரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வந்ததும் வீறிட்ட அழுகையைக் கேட்டு, "ஆலைக் களத்துக்கே கேக்கும்" என்றாள் கிருஷ்ணம்மாள். ரத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் போனது. டாக்டர் ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி நிறுத்தினார். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கிருஷ்ணம்மாள் எந்தக் கதையும் சொல்லவில்லை.

சீம்பால் கொடுக்க வேண்டும் என்று எடுத்துச்சொல்லச் சுகாசினி வந்தபோது, குழந்தை ஏற்கெனவே மார்பில் இருந்தது.

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? பசிக்காதா அதுக்கு? அவ பொண்ணுதானே!" என்றாள் கிருஷ்ணம்மாள்.

சுகாசினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து இப்போதுதான் நிம்மதியாக உட்காருகிறாள்.

கன்னியப்பன் ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு வந்து சேர்ந்தான். வழியில் யார் யாரோ கேலி செய்திருந்தார்கள். மண்டபத்துக் கூத்தை ஒருத்தன் படமெடுத்து அனுப்பிவிட்டானாம். கன்னியப்பன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றான். கிருஷ்ணம்மாள் குழந்தையைத் துணியில் சுற்றி அவன் கையில் வைத்தாள்.

"பாத்து புடி. பயப்படாத, கடிக்காது" என்றாள்.

"அம்மா..."

"உங்கப்பனுக்கு கோழின்னா பயம். நான் யாருகிட்டயும் சொல்லல" என்றாள் அவள். "பொங்கல் எடு. இவ முழிச்சிக்கினா நமக்கு மிஞ்சாது."

பத்துப் பதினைந்து நாள் கழித்து எடை பார்க்கச் சுகாசினி குடியிருப்புக்குப் போனாள். கொக்கியில் தொங்கவிடும் தராசை வேப்பங்கிளையில் மாட்டி, அதன் துணித் தூளியில் குழந்தையை வைத்தாள். சுற்றி ஊரே நின்றது. கூடியிருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று ஆளுக்கொரு குரல்.

"கூடியிருக்குது!" என்றாள் சுகாசினி.

எல்லோரும் கூச்சல் போட்டார்கள். சத்தத்தில் மிரண்ட குழந்தை தூளியிலிருந்தே சுகாசினியின் வெள்ளைப் புடவைமேல் பெய்தது. சங்கரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிருஷ்ணம்மாள் ஓடிப்போய்க் குடத்துத் தண்ணீரும் தன்னுடைய ஒரு புடவையும் கொண்டுவந்தாள். அன்று மத்தியானம் சுகாசினி பூப்போட்ட மஞ்சள் புடவையில் உட்கார்ந்து, விரால் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினாள்.